ஒரே தோட்டா பாக்கெட் பிஸ்டல் துணைக்கு ஆகுமா? மலைத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கமிருந்தும், கொடைக்கானல், தாண்டிக்குடி பக்கமிருந்தும் ஒரே மாதிரிக் கேள்வி வந்துகொண்டிருக்கிறது. ஏடிஎம் கார்டு அளவுக்கு மடங்கும் அமெரிக்கக் குட்டி பிஸ்டலை வீடியோவில் பார்த்தவர்கள், "வீட்டில் ஏற்கெனவே லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது, இதையும் துணைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாமா?" என்கிறார்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பற்றியும் ஒரு கேள்வி கீழே இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் கொள்ளும், சட்டைப் பையில் அடங்கும் பிஸ்டல்களைப் பற்றி. இப்போது அதிகம் பேசப்படுவது டிரெயில்பிளேசர் நிறுவனத்தின் லைஃப்கார்டு. .22 எல்ஆர் என்ற சின்னத் தோட்டா, இரண்டரை அங்குலக் குழல், சுமார் 200 கிராம் எடை. மடித்தால் அரை அங்குலத் தடிமன்தான். இன்னொன்று ஹைசர் பிஎஸ்1. அது .45 கோல்ட் (Colt) என்ற பெரிய தோட்டாவையும், சிறு குண்டுகளைச் சிதறவிடும் .410 தோட்டாவையும் சுடும், எடையும் கூடுதல்.

வகை புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் அமெரிக்கா லிபரேட்டர் என்ற ஒற்றைத் தோட்டா பிஸ்டலைப் பத்து லட்சம் அளவில் செய்து குவித்தது. தகட்டை மடித்துச் செய்த மலிவான சாமான் அது. எதிரி பிடித்துவைத்த ஊர்களில் இருக்கும் போராளி ஒருவன் இதை வைத்து ஒரு சிப்பாயை வீழ்த்தி, அவனுடைய நல்ல துப்பாக்கியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே திட்டம். ஒற்றைத் தோட்டா பிஸ்டலைச் செய்தவர்களே அதன் வேலையை அந்த அளவுக்குத்தான் மதிப்பிட்டார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், வாங்கலாமா?

வேண்டாம். நம் நாட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு இது வேண்டவே வேண்டாம்.

சாதாரண லைசென்ஸ்தாரர் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கியை நேரடியாக வரவழைக்க முடியாது என்பது ஒரு பக்கம். இங்கேயே சட்டப்படி இதுபோல ஒன்று கிடைத்தாலும் என் பதில் இதேதான்.

அளவுதான் வசதி என்கிறார்களே, அதில் என்ன குறை?

முதலில் கணக்கைப் பாருங்கள். ஆயுதச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். முன்பு மூன்று. நம் மலையில் பெரும்பாலான தோட்டக்காரக் குடும்பங்களில் ஒரு இடத்தை அப்பா, தாத்தா காலத்து 12 போர் சிதறு தோட்டாத் துப்பாக்கி பிடித்துக்கொண்டிருக்கும். அதை யாரும் விடுவதில்லை. மீதி இருப்பது ஒரே இடம். அமெரிக்கர் ஒருவர் அலமாரியில் ஐந்தாறு வைத்துக்கொண்டு, ஆசைக்கு ஒரு குட்டியும் வாங்குவார். நமக்கு அந்த ஒரே இடத்தை எதற்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

அடுத்து எடை. இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் நிடர் ரிவால்வர் சுமார் 250 கிராம். அதுவும் .22தான், எட்டுத் தோட்டா கொள்ளும். மடக்கு பிஸ்டலுக்கும் அதற்கும் 50 கிராம்தான் வித்தியாசம். ஒரு கோழிமுட்டை எடை. அந்த எடைக்கு ஏழு தோட்டாக்களை விட்டுக்கொடுக்கிறோம். இன்னும் கொஞ்சம் கனம் பொறுப்பீர்களென்றால் 2014இல் கான்பூரிலிருந்து வந்த நிர்பீக் ரிவால்வர் இருக்கிறது. .32 தோட்டா ஆறு, எடை அரைக் கிலோ. அமெரிக்காவிலும் நிலைமை இதேதான்: 2008இல் வந்த ரூகர் எல்சிபி 270 கிராம்கூட வராது, ஏழு தோட்டா பிடிக்கும். அதனால்தான் அங்கே இரண்டாவது துப்பாக்கி வைத்துக்கொள்ளும் போலீஸ்காரர்கள் கணுக்காலில் ஐந்து தோட்டா ரிவால்வரையோ இந்த மாதிரி பிஸ்டலையோ கட்டிக்கொள்கிறார்கள்.

ஒற்றைத் தோட்டா பிஸ்டல் உண்மையாகவே மிச்சப்படுத்துவது தடிமனைத்தான். மெல்லிய பருத்திச் சட்டையோடு திரிகிற ஊரில் அது பெரிய விஷயம். வருடத்தில் பாதி நாள் ஸ்வெட்டரும் ஜெர்கினும் போட்டுக்கொண்டு நடக்கிற நமக்கு ஒரு ரிவால்வரை மறைப்பது கஷ்டமே இல்லை.

ஒரு தோட்டாவைச் சரியாகச் சுட்டால் போதாதா?

இரண்டாவது துப்பாக்கி எதற்கு என்று முதலில் நினைத்துப் பாருங்கள். முதலாவது கைவிட்ட நேரத்துக்காக. தோட்டா வெடிக்காமல் போயிருக்கும், அல்லது கையிலிருந்து பறிபோயிருக்கும், அல்லது காலியாகியிருக்கும். அந்த நேரத்தில் ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பான், உங்கள் இதயம் படபடக்கும், ஒரு கை அவனைத் தள்ளிக்கொண்டிருக்கும். குறி பார்த்துச் சுடும் நிதானமெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கும் வராது. முதல் தோட்டா தவறும் வாய்ப்பு மிக அதிகமாக இருக்கும் நேரத்துக்கென்றே, இரண்டாவது தோட்டா இல்லாத துப்பாக்கியை எடுத்துவைக்கிறோம்.

1865 ஏப்ரல் 14 அன்று ஆபிரகாம் லிங்கனைச் சுட்டவன் கையில் இருந்தது டெரிஞ்சர் என்ற ஒற்றைத் தோட்டா குட்டி பிஸ்டல். சுட்ட மறுகணம் பக்கத்திலிருந்த மேஜர் ராத்போன் அவன்மேல் பாய்ந்தார். கொலைகாரன் பிஸ்டலைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியை உருவினான். அதற்குமேல் அந்தத் துப்பாக்கியால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை.

தோட்டாவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. .22இல் தீப்பற்றும் மருந்து தோட்டாவின் அடிவிளிம்புக்குள் சுற்றிப் பூசப்பட்டிருக்கும். ஊசி அடிக்கும் இடத்தில் அந்தப் பூச்சு மெலிந்திருந்தால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. நடுவில் கேப் வைத்த தோட்டாக்களைவிட இதில் வெடிக்காமல் போவது அதிகம். ரிவால்வரில் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். ஒற்றைத் தோட்டா பிஸ்டலில் அந்த 'டிக்'கோடு எல்லாம் முடிந்தது.

எடுத்துச் சுட எவ்வளவு நேரம் பிடிக்கும்?

மடக்கு பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். பைக்குள் கையை விட்டு அதை எடுக்க வேண்டும். மறுகையால் கைப்பிடியைப் பிரித்து, அது பூட்டிக்கொள்ளும்வரை விரிக்க வேண்டும். பின்பக்கத்தை இழுத்து விசையேற்ற வேண்டும். பிறகுதான் சுட முடியும். விரிக்கிறபோது குழலின் வாய்க்கு முன்னால் விரல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு சின்னப் பொருளில் அது நினைப்பதைவிட எளிதாக நடந்துவிடும். கைப்பிடியை மூன்று விரலால் பிடிக்கக்கூட இடம் போதாது, சுண்டுவிரல் வெளியே தொங்கும்.

இதற்கு இரண்டு கை வேண்டும் என்பதே என் பெரிய ஆட்சேபணை. ஒரு கை மாட்டிக்கொண்டிருக்கும்போது இதை விரிக்க முடியாது. மறுபடி தோட்டா போடுவது அதற்கும் மேல்: குழலைத் திறந்து, சுட்ட வெறுங்கூட்டை வெளியேற்றி, கைப்பிடிக்குள் இருக்கும் அடுத்த தோட்டாவைத் தேடி எடுத்துச் செருக வேண்டும். பென்சில் முனை போன்ற .22 தோட்டாவை, டிசம்பர் விடியற்காலையில் அவலாஞ்சிப் பக்கம் உறைபனி கொட்டும்போது மரத்துப்போன விரலால் எடுக்க முடியுமா? தண்ணீரில் கையை நனைத்துக் காற்றில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, வெறும் போலித் தோட்டாவால் முயன்று பாருங்கள். பதில் உங்கள் கையே சொல்லும்.

குட்டித் துப்பாக்கியானால் என்ன, தோட்டா அதே தோட்டாதானே?

இல்லை. தோட்டா மருந்து செய்யும் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை நம் வீட்டு வாசலில் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த பெரியவர் யாரையாவது கேளுங்கள்: மருந்து எரிந்து, வாயு விரிந்து, குண்டை உந்தக் குழலில் நீளம் வேண்டும். இரண்டரை அங்குலத்தில் குண்டு வெளியேறும்போது உந்துவதற்கு இன்னும் பலம் மிச்சமிருக்கும், அது தீப்பிழம்பாகவும் சத்தமாகவும் வெளியே போகும். ரைஃபிளில் 170 ஜூல் அளவுக்கு ஆற்றல் தரும் .22 தோட்டா, இந்தக் குழலில் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும்.

பெரிய தோட்டா போடும் குட்டிகளில் வேறு சங்கடம். எடை குறைந்த துப்பாக்கி, கனத்த தோட்டா என்றால் அடி முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். ஒரு தடவை சுட்டவர் இரண்டாவது தடவை பயிற்சிக்கு எடுக்க மாட்டார். பயிற்சி இல்லாத துப்பாக்கியை உடம்பில் கட்டிக்கொண்டு திரிவது எனக்குச் சம்மதமில்லை.

காட்டெருமை, கரடி, யானை எதிரே வந்தால்?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது, ஏனென்றால் மலையில் துப்பாக்கி கேட்பவர்கள் பாதிப்பேர் மனதில் இருப்பது இதுதான். வளர்ந்த ஆண் காட்டெருமை 700 கிலோவிலிருந்து 1000 கிலோ வரை இருக்கும். பாக்கெட் பிஸ்டல் தோட்டா அதை நிறுத்தாது, காயப்படுத்தும். காயப்பட்ட காட்டெருமை அடுத்து தேயிலை பறிக்க வருகிற பெண்கள்மேல் பாயும். கரடியும் அப்படித்தான்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்ததைக் குற்றமாகக் கொள்வதில்லை. ஆனால் அது கடைசி நொடிக்கான பாதுகாப்பு. துப்பாக்கியோடு தேடிப் போனவருக்கு அது பொருந்தாது. நம் மலையில் உயிரைக் காப்பது வேறு விஷயங்கள்: விடியும் முன்பும் இருட்டிய பிறகும் தனியாக நடக்காமல் இருப்பது, நல்ல வெளிச்சமுள்ள டார்ச், வளைவில் சத்தம் கொடுத்துக்கொண்டு போவது, வீட்டைச் சுற்றிச் சோற்றுக் கழிவையும் பழத்தோலையும் கொட்டாமல் இருப்பது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி வீட்டுக்கு வருவது பெரும்பாலும் சாப்பாட்டு வாசனைக்குத்தான். விலங்கு நின்றால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள், அது போக வழி விடுங்கள்.

கூலிப் பணம் எடுத்துக்கொண்டு போகிறோம். அதற்காவது துணைக்கு வேண்டாமா?

பணத்தை வங்கிக் கணக்கில் போட முடியுமானால் போட்டுவிடுங்கள். முடியாதபோது நாளையும் வழியையும் மாற்றுங்கள், இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பணத்துக்காக உயிரை வைக்காதீர்கள். லைசென்ஸ் ரிவால்வர் ஒன்று இருந்தால் அதையே ஒழுங்காகப் பழகி, இடுப்பில் உறையோடு வையுங்கள். அதற்குமேல் ஒரு குட்டி சேர்ப்பதால் கூடுவது நம்பிக்கை மட்டும்தான், பாதுகாப்பு அல்ல.

மறைத்து எடுத்துப்போவது சட்டப்படி சரியா?

அமெரிக்காவில் மறைத்து வைப்பதற்குப் பல மாநிலங்களில் தனி அனுமதி பற்றிய பேச்சு உண்டு. நம்மிடம் சட்டமே மறைக்கத்தான் சொல்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடம்போடு சேர்ந்த உறையிலோ பையிலோ இருக்க வேண்டும். முழுக்க மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டுவதும் பொது இடத்தில் சுடுவதும் குற்றம்.

மலைக்காரர்கள் தவறிப்போகும் இடங்கள் வேறு. லைசென்ஸில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், கூடலூரிலிருந்து கேரளத்துச் சுல்தான் பத்தேரிக்குச் சாமான் வாங்கப் போகும்போதும், கர்நாடகத்துக் குண்டல்பேட்டை தாண்டும்போதும் இடுப்பில் துப்பாக்கி இருக்கக் கூடாது. சரணாலயத்துக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூல முன் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவது சட்ட விரோதம். முதுமலையும் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயமும் இதில் அடங்கும். சரணாலய எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் லைசென்ஸ்தாரர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த வட்டத்துக்குள் புது லைசென்ஸ் கொடுக்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஒப்புதல் தேவை. நம் மலைகளில் ஏராளமான ஊர்கள் இந்த வட்டத்துக்குள்தான் வரும். விண்ணப்பம் நின்றுபோனால் முதலில் இதைத்தான் விசாரியுங்கள்.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் முதல் துப்பாக்கியும் இருக்காது, இரண்டாவதும் இருக்காது.

குடகில் லைசென்ஸ் இல்லாமலே வைத்திருக்கிறார்களே?

அது குடகு இனத்தாருக்கும் ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் உடையவர்களுக்கும் மத்திய அரசு கொடுத்த தனி விலக்கு. நீலகிரிக்கோ பழனி மலைக்கோ அது செல்லாது.

எங்கள் ஊரில் ஒருவர் ஒற்றைத் தோட்டா நாட்டுத் துப்பாக்கி செய்து தருகிறார். மலிவு. வாங்கலாமா?

தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, ஐந்தாண்டு வரை சிறை. செய்து விற்பவருக்கு ஏழாண்டிலிருந்து ஆயுள் வரை போகும். குழலைச் சாதாரண இரும்புக் குழாயில் செய்திருப்பார்கள். தோட்டாவின் அழுத்தத்தை அது தாங்கும் என்று எந்தச் சோதனையும் நடந்திருக்காது. பிளந்தால் முதலில் போவது சுடுபவனின் விரலும் கண்ணும். வீட்டில் அப்படி ஒன்று கிடந்தால், வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

சரி, கடையில் கையில் எடுத்துப் பார்க்கிறேன். எதைக் கவனிப்பது?

எந்தக் கைத்துப்பாக்கியானாலும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு தொடங்குங்கள். ஒற்றைக் கையால் எடுத்து, ஒற்றைக் கையால் சுடும் நிலைக்குக் கொண்டுவர முடிகிறதா? கையுறையோடு விரல் விசைக்குள் போகிறதா, போனபின் தாராளமாக வெளியே வருகிறதா? பழைய டெரிஞ்சர் வகைகள் பலவற்றில் சுத்தியல் நேரே ஊசிமேல் உட்கார்ந்திருக்கும். தோட்டா போட்டு வைத்துக் கீழே விழுந்தால் வெடிக்கலாம், எனவே சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவே தடுப்பு உண்டா என்று கேளுங்கள். விசைக்குக் காப்பு வளையம் உண்டா? இல்லையென்றால் பையில் சாவிக்கொத்தோடு அதைப் போடவே கூடாது.

கடைசியாக, கடைக்காரரிடம் தோட்டா கிடைக்குமா என்று கேளுங்கள். வருடா வருடம் பயிற்சிக்குத் தோட்டா கிடைக்காத துப்பாக்கி வெறும் இரும்பு.

பயிற்சி எங்கே?

தோட்டத்து மூலையில் இல்லை. கோயம்புத்தூரிலும் மதுரையிலும் ரைஃபிள் கிளப்கள் இருக்கின்றன, அங்கே சேருங்கள். மூன்று மீட்டர், ஐந்து மீட்டர் தூரத்தில், எடுப்பதிலிருந்து தொடங்கிப் பழகுங்கள். வீட்டில் காலித் துப்பாக்கியோடு பழகலாம். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் எப்படிப் பராமரிப்பது?

தேவாலா, கூடலூரில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில் காற்றே ஈரமாக இருக்கும். தோல் உறையில் துப்பாக்கியை நாள்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பூஞ்சணம் பிடிக்கும், உறை படும் இடமெல்லாம் துரு கிளம்பும். வெளியில் போய் வந்ததும் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் தடவி, சிலிக்கா பொட்டலத்தோடு பூட்டிய பெட்டியில் வையுங்கள். உடம்போடு சுமக்கும் தோட்டாக்களை வியர்வையும் பனியும் கெடுக்கும், அவற்றைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துப் புதியதை மாற்றுங்கள். பாக்கெட்டில் சேரும் பஞ்சும் தூசியும் ஊசித் துளையை அடைக்கும். சின்னத் துப்பாக்கியில் இது இன்னும் மோசம்.

எங்கள் தாத்தா வைத்திருந்த டெரிஞ்சர் ஒன்று லைசென்ஸில் ஏறியிருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாமா?

முதலில் அவர் போன பிறகு அது உங்கள் கையில் இருப்பதே சட்டப்படி சரியில்லை. அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ உடனே ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், விதிகளில் வாரிசுகளுக்குத் தனி வழி இருக்கிறது. தாத்தாக்கள் உயிரோடு இருக்கும் வீடுகளிலும் இதை யோசிக்கலாம்: 70 வயது கடந்தவரோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தவரோ உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க விதி இடம் தருகிறது.

கைக்கு வந்ததும் லைசென்ஸ் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டி, குழலும் கீலும் இறுகியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். தாத்தாவின் நினைவாக வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு இடங்களில் ஒன்று அதற்குப் போய்விடும். மற்ற இடத்தில் 12 போர் இருந்தால் ரிவால்வருக்கு இடமே இருக்காது. இடுப்பில் துப்பாக்கி வைத்தே ஆக வேண்டிய வேலை உங்களுடையது என்றால், டெரிஞ்சரை அனுமதியோடு கடை மூலம் விற்றுவிட்டு அந்த இடத்தில் ஒரு .32 ரிவால்வரை ஏற்றிக்கொள்ளுங்கள்.